இன்டர்செப்டர் 650: சைலன்சரும் ஏர் ஃபில்டரும் மாற்றியபின் எந்த எரிபொருள் ட்யூனரைப் பொருத்துவது?

குடந்தைவாசி (கும்பகோணம்)

அனைவருக்கும் வணக்கம். நான் ஓட்டுவது 2021இல் பதிவான ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650. எஞ்சினைத் திறந்து எந்த வேலையும் செய்யவில்லை. கேம், பிஸ்டன், பெண்ட் பைப் (எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாய்) எல்லாம் கம்பெனியில் வந்தவையே. சைலன்சர் இரண்டையும் மாற்றி, அடைப்புக் குறைவான ஸ்லிப் ஆன் வகையைப் போட்டிருக்கிறேன். ஏர் ஃபில்டர் பெட்டியில் கை வைக்காமல், உள்ளே இருந்த காகித ஃபில்டருக்குப் பதிலாக எண்ணெய் பூசிய பருத்தி ஃபில்டரை வைத்திருக்கிறேன். மாற்றங்கள் இவ்வளவுதான்.

இதற்குப் பிறகு வண்டியின் போக்கில் மூன்று குறைகள் தெரிகின்றன. தாராசுரம் கடைத்தெருவைப் போன்ற நெரிசலான இடங்களில் இரண்டாவது, மூன்றாவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றை ஒட்டி ஓடும்படி, த்ராட்டிலைக் கொஞ்சமாகத் திறந்து பிடித்துக்கொண்டு போகும்போது வண்டி சீராகப் போகாமல் வெட்டுகிறது. த்ராட்டிலை மூடி வேகத்தைக் குறைக்கும்போது சைலன்சரில் படபடவென்று வெடிக்கிறது. அது இடப்பக்கத்தில் சற்று அதிகமாகக் கேட்கிறது. தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் ஒரு லாரியை முந்துவதற்காக முழுவதும் முறுக்கினால், 5,000 சுற்றுக்கு மேல் முன்பிருந்த இழுவை இல்லை.

நான் விசாரித்த வரையில் சில வழிகள் சொல்கிறார்கள். காற்று வெப்பநிலை சென்சாருக்குக் குறுக்கே மாட்டும் டென்மார்க்கின் பூஸ்டர்பிளக், பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸ் நிறுவனத்தின் ஃபியூவல்எக்ஸ், அதே நிறுவனத்தின் பவர்ட்ரானிக், அமெரிக்காவின் டைனோஜெட் செய்யும் பவர் கமாண்டர், இவை எதுவும் வேண்டாம் என்று எஞ்சினின் கணினியான இசியுவையே ரீமேப் செய்வது, அதாவது அதிலுள்ள எரிபொருள் அட்டவணையை (மேப்) மாற்றி எழுதுவது. விலையில் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருக்கிறது. என் வண்டி அன்றாடம் வேலைக்குப் போகும் வண்டி, பந்தயத்துக்கு அல்ல. சென்னைக்கோ கோவைக்கோ கொண்டுபோய் டைனோவில் (உருளையின் மேல் ஓடவிட்டுத் திறனை அளக்கும் கருவி) ஏற்றாமல் இங்கேயே வைத்து முடிக்கக்கூடியது எது? ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் இந்தப் பெட்டிகள் தாங்குமா? பங்குகளில் இப்போது வரும், இருபது சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு இவற்றின் மேப்புகள் பொருந்துமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பட்டறை மேசை (தஞ்சாவூர்)

தம்பி, ட்யூனருக்குப் பணம் கட்டுவதற்கு முன் வண்டியை ஒரு நல்ல பட்டறையில் விட்டு மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் குறைகளில் முதல் இரண்டுக்கும் பெட்ரோல் பற்றாக்குறைதான் காரணம் என்று இப்போதே முடிவுகட்டக் கூடாது.

வெடிப்பு இரு பக்கமும் ஒரே அளவில் இல்லாமல் இடப்பக்கம் அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதுதான் முக்கியமான குறிப்பு. இரண்டு சிலிண்டருக்கும் ஒரே இசியுதான் பெட்ரோல் அளக்கிறது. கலவை மெலிந்திருந்தால், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாவிட்டால், இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல வெடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக வெடித்தால், அந்தப் பக்கத்தில் பெண்ட் பைப்பும் சைலன்சரும் சேரும் இடத்திலோ, சிலிண்டர் ஹெட்டை ஒட்டிய கேஸ்கட்டிலோ வெளிக்காற்று உள்ளே போகிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். வண்டி ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சோப்புத் தண்ணீரை இணைப்புகளின் மேல் தெளித்துப் பாருங்கள். கசிவு இருந்தால் நுரை கிளம்பும். ஒருவர் தடித்த துணியால் சைலன்சரின் வாயை ஓரளவு அடைத்துப் பிடித்தால், கசியும் இடத்திலிருந்து 'உஸ்' என்ற ஓசை இன்னும் தெளிவாகக் கேட்கும். ஸ்லிப் ஆன் மாற்றும்போது பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டுவிடுவது பல இடங்களில் நடப்பதுதான்.

அடுத்தது த்ராட்டில் பாடி சமன்பாடு. இந்த எஞ்சினில் சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு த்ராட்டில் பாடிகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே அளவில் காற்றை இழுக்கின்றனவா என்பதை வேக்குவம் கேஜ் வைத்துப் பார்த்துத்தான் சரிசெய்ய முடியும். காதால் கேட்டுச் செய்ய முடியாது. இவற்றில் சிறு வேறுபாடு இருந்தாலும் த்ராட்டில் கொஞ்சமாகத் திறந்திருக்கும் இடத்தில்தான் அது முதலில் தெரியும், அதாவது நீங்கள் வெட்டுகிறது என்று சொல்லும் அதே இடத்தில். அதோடு த்ராட்டில் கேபிளில் இருக்கும் ஆட்டத்தையும் செயின் தளர்வையும் பார்க்கச் சொல்லுங்கள். செயின் தளர்ந்திருந்தால் மெதுவான வேகத்தில் எந்த ட்யூனரும் அந்த வெட்டை நீக்காது.

மூன்றாவது, ஸ்கேனர் மாட்டி எரிபொருள் திருத்த அளவுகளைப் படிப்பது. வண்டியைச் சூடாக்கி, ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், இசியு தன் சொந்த மேப்பிலிருந்து எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் உங்கள் சைலன்சரையும் ஃபில்டரையும் இசியு தானாகவே சமாளித்துவிட்டது என்று பொருள். பத்தைத் தாண்டினால் ஏதோ ஒன்று சரியில்லை. அது கசிவாகவும் இருக்கலாம், ஃபில்டராகவும் இருக்கலாம். இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் ட்யூனரைத் தேர்ந்தெடுப்பது நியாயமான செலவாக எனக்குப் படவில்லை.

மன்னை ஆட்டோமொபைல் (மன்னார்குடி)

பட்டறை அண்ணன் சொன்ன வரிசைதான் சரியான வரிசை. நான் பாலிடெக்னிக்கில் இந்தப் பாடம் நடத்துகிறவன் என்பதால், எந்த ட்யூனர் எந்த இடத்தில் வேலை செய்யும் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இது விளங்கிவிட்டால் தேர்வு தானாகவே குறுகிவிடும்.

பிஎஸ்6 புகை விதிக்கு உட்பட்ட உங்கள் வண்டியின் இசியு இரண்டு விதமாகப் பெட்ரோலை அளக்கிறது. ஒரே சீரான வேகத்தில், த்ராட்டில் பாதிக்கும் கீழே இருக்கும்போது, பெண்ட் பைப்பில் உள்ள ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு நொடிக்கு நொடி கூட்டிக் குறைத்துக்கொள்ளும். இதை குளோஸ்டு லூப் என்கிறோம். த்ராட்டிலை முழுவதும் திறந்தாலோ, சட்டென்று முறுக்கினாலோ, எஞ்சின் குளிர்ந்திருந்தாலோ சென்சாரைக் கேட்காமல் தன் அட்டவணையில் எழுதியிருப்பதைக் கொடுக்கும். இது ஓப்பன் லூப். உங்கள் மூன்று குறைகளும் மூன்று வேறு இடங்களில் நிகழ்கின்றன. வெட்டுவது குளோஸ்டு லூப்பில், 5,000 சுற்றுக்கு மேல் இழுவை குறைவது ஓப்பன் லூப்பில், வெடிப்பது த்ராட்டில் மூடியிருக்கும்போது.

பவர் கமாண்டர், ஃபியூவல்எக்ஸ் போன்ற பிக்கிபேக் (கம்பெனி இசியுவோடு கூடுதலாக மாட்டும்) கருவிகள் எல்லாமே இசியுவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைச் சில சதவீதம் நீட்டுகின்றன அல்லது குறைக்கின்றன. குளோஸ்டு லூப்பில் கருவி ஐந்து சதவீதம் கூட்டினால், சென்சார் உடனே 'பெட்ரோல் அதிகம்' என்று சொல்லும். இசியு அந்த ஐந்து சதவீதத்தைக் கழித்துவிடும். கடைசியில் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். ஆகவே அந்தப் பகுதியிலும் மாற்றம் வேண்டுமென்றால், ஆக்சிஜன் சென்சாரின் சமிக்ஞையையும் சேர்த்துக் கையாளும் கருவியாக இருக்க வேண்டும். ஃபியூவல்எக்ஸ் இன்ஜெக்டரோடு ஆக்சிஜன் சென்சாரின் கப்ளரிலும் இணைகிறது. பவர் கமாண்டரை வாங்குவதானால், உங்கள் மாடலுக்கான பெட்டியில் ஆக்சிஜன் சென்சாருக்கான இணைப்பு சேர்ந்து வருகிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

த்ராட்டில் மூடியபின் வெடிப்பது வேறு கதை. அந்த நேரத்தில் இசியு பெட்ரோலை மிகவும் குறைத்துவிடும், சில நிலைகளில் முற்றிலும் நிறுத்திவிடும். இன்ஜெக்டர் திறக்கவே இல்லையென்றால் பிக்கிபேக் நீட்டுவதற்கு எதுவும் இல்லை. பூஜ்யத்தில் எத்தனை சதவீதம் கூட்டினாலும் பூஜ்யந்தான். 'இந்தப் பெட்டியைப் போட்டால் வெடிப்பு அறவே நிற்கும்' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். கசிவை அடைத்தால் பெரும்பகுதி குறையும். மீதி, அடைப்புக் குறைந்த சைலன்சருக்கு இயல்பாக உள்ள ஓசை.

இனி இ20. தூய பெட்ரோல் ஒரு கிலோ முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பத்து சதவீத எத்தனால் கலந்தால் அது சுமார் 14.1 ஆகவும், இருபது சதவீதம் கலந்தால் சுமார் 13.5 ஆகவும் இறங்குகிறது. அதாவது இ10 பெட்ரோலை வைத்து எழுதிய மேப்பில் இ20 ஊற்றினால், ஓப்பன் லூப்பில் கலவை நான்கு சதவீதம் அளவுக்கு மெலியும். குளோஸ்டு லூப்பில் இந்தச் சிக்கல் இல்லை. சென்சார் பார்ப்பது புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை மட்டுமே என்பதால், பெட்ரோலில் எதைக் கலந்தாலும் அது சரியான அளவுக்கே கொண்டுவரும். எனவே வெளிநாட்டில் இருப்பவர்கள் பதிவேற்றிய மேப்புகளை இணையத்திலிருந்து எடுத்து அப்படியே போட்டால், முழுவதும் முறுக்கும் இடத்தில்தான் அது நம் ஊர்ப் பெட்ரோலுக்கு ஒத்துவராது. உங்கள் மூன்றாவது குறைக்கு இ20ம் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சைலன்சர் மாற்றாத வண்டிகளிலும் இந்த நான்கு சதவீதம் உண்டு.

தானாகவே ட்யூன் செய்துகொள்ளும் என்று விற்கப்படும் கருவிகளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. வண்டியோடு வரும் ஆக்சிஜன் சென்சார் நேரோபேண்ட் வகை. அது சுமார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே தாவி, 'சரியான அளவுக்கு மேல்' அல்லது 'சரியான அளவுக்குக் கீழ்' என்பதை மட்டும் சொல்லும். எவ்வளவு மேல், எவ்வளவு கீழ் என்று சொல்லாது. முழு த்ராட்டிலில் நல்ல இழுவைக்கு லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதத்தின் அளவு; 1 என்றால் சரியான கலவை, அதற்குக் கீழே பெட்ரோல் அதிகம்) 0.86 முதல் 0.90 வரை வைக்க வேண்டும். அந்த இடத்தை அளக்க பாஷ் எல்எஸ்யு 4.9 போன்ற வைட்பேண்ட் சென்சார் தேவை. கம்பெனி சென்சாரை மட்டும் வைத்துக்கொண்டு முழு த்ராட்டிலைத் தானாக ட்யூன் செய்வதாகச் சொன்னால், அது எதை வைத்து அளக்கிறது என்று கேளுங்கள்.

பூஸ்டர்பிளக் வகை, உள்ளே வரும் காற்று உண்மையைவிட 20 டிகிரி குளிர்ந்திருப்பதாக இசியுவை நம்பவைத்துச் சுமார் ஆறு சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் வாங்குகிறது. எளிய வழிதான். ஆனால் எல்லாச் சுற்றிலும் எல்லாத் திறப்பிலும் ஒரே விகிதம். குளோஸ்டு லூப்பில் அதுவும் கழிந்துபோகும். பவர்ட்ரானிக் பற்றவைப்பு நேரத்தையும் மாற்றக்கூடியது. சித்திரை வெயிலில், காற்றாலும் எண்ணெயாலும் மட்டுமே குளிரும் எஞ்சினில், அளவுக்கருவி இல்லாமல் பற்றவைப்பை முன்னே தள்ளினால் நாக்கிங் (பெட்ரோல் ஒழுங்கின்றி வெடித்து எஞ்சினில் தட்டும் ஓசை) வரும். கேம் மாற்றாத வண்டிக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து.

நாகை வடக்குவீதி (நாகப்பட்டினம்)

என் கான்டினென்டல் ஜிடி 650இல் பவர் கமாண்டர் போட்டு, சென்னையில் டைனோவில் ஏற்றி மேப் எழுதி வாங்கியிருக்கிறேன். வண்டி மிக நன்றாக ஓடுகிறது. ஆனால் என் வண்டியில் பெண்ட் பைப்பும் மாறியிருக்கிறது. உங்களுக்கு அந்தச் செலவு தேவையா என்பது ஐயமே. பவர் கமாண்டரின் பலம் அதன் அட்டவணை: ஒரு பக்கம் 250 சுற்று இடைவெளியில் எஞ்சின் வேகம், மறுபக்கம் 0 முதல் 100 சதவீதம் வரை த்ராட்டில் திறப்பு, ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனிச் சதவீதம் எழுதலாம். அத்தனை கட்டங்களையும் அளந்து நிரப்ப ஆளும் டைனோவும் இருந்தால்தான் அதற்குக் கொடுத்த காசுக்குப் பொருள் உண்டு. யாரோ ஒருவருடைய மேப்பைப் போட்டு ஓட்டுவதற்கு அவ்வளவு விலையுள்ள பெட்டி வேண்டியதில்லை.

மழையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெட்டிக்கு ஒன்றும் ஆகாது, உள்ளே பிசின் ஊற்றி அடைத்துத்தான் வருகிறது. கெடுவது கப்ளர்களும் எர்த் இணைப்பும். எங்கள் ஊரில் கடற்காற்று வேறு சேர்ந்துகொள்வதால், எர்த் வளையத்தில் பச்சைப் பூப் பூத்தபின் வண்டி காரணமே இல்லாமல் திணறும். எர்த் ஒயரைச் சட்டத்தின் ஏதோ ஒரு போல்ட்டில் கொடுக்காமல் நேரே பேட்டரியின் நெகட்டிவிலேயே கொடுங்கள். ஒவ்வொரு கப்ளருக்குள்ளும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் வைத்து, வாய் கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கும்படி கட்டுங்கள். ஒயர் கட்டைப் பெட்ரோல் டேங்குக்கு அடியில் கொண்டுபோகும்போது, டேங்கை இறக்கியதும் எங்கும் நசுங்கவில்லை என்பதைக் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டே போல்ட்டை முடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாரும் ட்யூனரைப் பற்றியே பேசுகிறோம், ஃபில்டரை விட்டுவிட்டோம். நம் பக்கத்தில் சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் சாலையின் பாதியில் நெல் காய்கிறது, மறுபாதியில் வைக்கோல் கட்டு ஏற்றிய வண்டி போகிறது, அறுவடை இயந்திரம் கிளப்பும் சுணை பறந்து வருகிறது. அந்த நேரத்தில் எண்ணெய் பூசிய பருத்தி ஃபில்டரைத் திறந்து பார்த்தால் மடிப்புகளுக்குள் பதரும் மண்ணும் களிபோல ஒட்டியிருக்கும். அடைந்துபோன ஃபில்டரோடு மேப் எழுதினால், கழுவிய மறுநாளே அந்த மேப் ஒத்துவராது. மெல்லிய தூசியைப் பிடிப்பதில் காகித ஃபில்டர்தான் மேல். டெல்டாவில் அன்றாடம் ஓட்டும் வண்டிக்குக் காகித ஃபில்டரையே திரும்பப் போட்டுவிடுங்கள் என்று நான் துணிந்து சொல்வேன். நீங்கள் இழப்பது உங்களுக்கே தெரியாத அளவுக்குச் சிறிது, எஞ்சினுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பெரிது.

குடந்தைவாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டறை அண்ணன் சொன்ன வரிசைப்படியே செய்துவிட்டு எழுதுகிறேன். இடப்பக்கச் சைலன்சர் சேரும் இடத்தில் சோப்பு நுரை நன்றாகவே கிளம்பியது. அதைப் பொருத்தித் தந்த இடத்தில் பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டிருந்தார்கள். அது ஓரத்தில் உதிர்ந்து கரிபடிந்திருந்தது. இரு பக்கமும் புதியது போட்டாயிற்று. த்ராட்டில் பாடிகளிலும் வேறுபாடு இருந்தது. கேஜ் வைத்துச் சரிசெய்தார்கள். காகித ஃபில்டரையும் திரும்ப வைத்துவிட்டேன். இப்போது மெதுவாகப் போகும்போது வெட்டு ஏறக்குறைய இல்லை. வெடிப்பு மிகவும் குறைந்து, இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறது. ஸ்கேனரில் திருத்தம் நான்கு சதவீதம் கூடுதல் என்று காட்டியது. 5,000 சுற்றுக்கு மேல் இழுவை மட்டும் சற்று முன்னேறியிருக்கிறதே தவிர முழுமையாகத் திரும்பவில்லை. இந்த நிலையில் என்ன வாங்குவது? கொடைக்கானல் போகும் வழக்கமும் உண்டு. அங்கே உயரத்தில் மேப் மாறிவிடுமா?

மன்னை ஆட்டோமொபைல்

நான்கு சதவீதம் என்பது இ20 பெட்ரோல் கேட்கும் அளவேதான். உங்கள் சைலன்சர் சீரான ஓட்டத்தில் ஒன்றையும் கெடுக்கவில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. மீதியிருப்பது ஓப்பன் லூப்பில் மட்டும், பெரிய திறப்பில் மட்டும். எனவே பெரிய திறப்பில் சில சதவீதம் கூட்டக்கூடிய எளிய பிக்கிபேக் போதும். ஃபியூவல்எக்ஸில் லைட், ப்ரோ என்ற வகைகள் உண்டு. ப்ரோவில் ஹேண்டில்பாரில் மேப் மாற்றும் சுவிட்ச் வருகிறது. நீங்கள் டைனோவுக்குப் போவதில்லை என்பதால் அந்தச் சுவிட்ச் பயன்படும்: குறைந்த மேப்பில் தொடங்கி, ஒரே சாலையில், ஒரே கியரில், 4,000 சுற்றிலிருந்து முழுவதும் முறுக்கி இழுவையைப் பார்த்து, ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். இழுவை கூடாமல் நிற்கும் இடம் வந்ததும் ஒரு படி இறங்கிவிடுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் மைலேஜ் குறைவதும் புகை கறுப்பதும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடாகித் தேய்வதும்தான் மிஞ்சும். முடிந்தால் ஒரே ஒருமுறை வைட்பேண்ட் சென்சார் உள்ள இடத்தில் வைத்து, முழு த்ராட்டிலில் லாம்டா 0.90க்கு அருகில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கும்பகோணத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அந்தக் குறைவை இசியுவே காற்றழுத்தத்தை அளந்து ஈடுசெய்துவிடும். பிக்கிபேக் அதன் மேல் சதவீதமாக மட்டும் கூட்டுவதால் மலைக்காகத் தனி மேப் வேண்டாம்.

பட்டறை மேசை

ரீமேப் பற்றி யாரும் சொல்லவில்லை. நன்றாக எழுதத் தெரிந்தவர் கையில் அது பிக்கிபேக்கைவிடச் சுத்தமான வேலை. கூடுதல் ஒயர் இல்லை, கெட்டுப்போகப் பெட்டி இல்லை. ஆனால் சர்வீஸ் சென்டரில் இசியுவுக்குப் புதிய மென்பொருள் ஏற்றினால் நீங்கள் எழுதி வாங்கியது அழிந்துவிடும். பிக்கிபேக்கை அரை நாளில் கழற்றி வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். உங்கள் தேவைக்குப் பிக்கிபேக்தான் சரி.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு பதிவுச் சான்றிலிருந்து மாறுபடும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. ஓசைக்கும் புகைக்கும் 190ஆம் பிரிவு தனி. சோதனைச் சாவடியில் ட்யூனரை யாரும் தேடப்போவதில்லை, சைலன்சரைத்தான் பார்ப்பார்கள். பழைய சைலன்சர்களை விற்றுவிடாமல் சாக்கில் சுற்றி வைத்திருங்கள். ட்யூனர் பொருத்தியபின் புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு எண்ணைப் பாருங்கள். முந்தைய சான்றிதழில் உள்ளதைவிட வெகுவாக ஏறியிருந்தால், வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போதும் மேப் பெட்ரோலைக் கூட்டுகிறது என்று பொருள், உடனே ஒரு படி குறைத்துவிடுங்கள்.

குடந்தைவாசி

தெளிவாகிவிட்டது, அண்ணா. ப்ரோ வகையைச் சொல்லிவிட்டேன். பொருத்தும்போது எர்த்தைப் பேட்டரியிலேயே கொடுத்து, பெட்டியை சீட்டுக்கு அடியில் வைக்கச் சொல்கிறேன். மேப்பை ஒவ்வொரு படியாக ஏற்றிப் பார்த்து, வைட்பேண்டில் வரும் எண்ணையும் புகைப் பரிசோதனை எண்ணையும் இங்கேயே எழுதுகிறேன். இதே வண்டியும் இதே சைலன்சரும் வைத்திருப்பவர்களுக்கு அது பயன்படும்.